எழுதி ஜெயிப்பது எப்படி என்று எழுதியே ஜெயிக்கிறவர்கள்

நெல்லைக்காரன்

இணையத்தில் எழுதி முன்னேறுவது எப்படி என்று ஆலோசனை சொல்கிறவர்கள் எக்கச்சக்கமாகப் பெருகிவிட்டார்கள். ஃபேஸ்புக், எக்ஸ், யூடியூப், இப்போது வாட்ஸ்அப் சேனல் வரை வந்தாயிற்று. என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை அப்படி ஒருவர் கண்ணில் பட்டால், அவர் சொல்வதைப் படிப்பதற்கு முன்னால் அவருடைய பக்கத்தில் கீழே இறங்கிப் போய், ஆலோசனை சொல்ல ஆரம்பிப்பதற்கு முன் அவர் எதை எழுதிக்கொண்டிருந்தார், அதை யார் படித்தார்கள் என்று பாருங்கள். சமையலோ சினிமாவோ கதையோ பயிர்ப் பாதுகாப்போ, எதுவாக இருந்தாலும் சரி. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கொஞ்சம் பதிவுகள் ஆளில்லாமல் கிடக்கும். கூட்டம் சேர்ந்ததெல்லாம் 'எழுதிச் சம்பாதிப்பது எப்படி' என்று தலைப்பு வைத்த நாளிலிருந்துதான்.

அதாவது தான் சொல்லும் வழியில் நடந்து அவர் ஜெயிக்கவில்லை. அந்த வழியைச் சொன்னதில் ஜெயித்திருக்கிறார். இந்த வித்தியாசம் புதிதாக எழுத வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை, அதுதான் எனக்குக் கவலை. கதை எழுத வந்த பெண் அவர் சொன்னபடி தினமும் காலையில் ஒரு பதிவு, தலைப்பில் ஒரு எண், முதல் வரியில் ஒரு அதிர்ச்சி என்று வருஷக்கணக்கில் செய்து பார்த்துவிட்டு, தனக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டிப் போய்விடுகிறாள்.

மீடியம் தளத்தில் இது எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் விளங்கும். ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான எவான் வில்லியம்ஸ் 2012ல் ஆரம்பித்த, யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதிப் போடும் தளம் அது. 2017ல் எழுதுகிறவர்களுக்குப் பணம் தரும் திட்டம் வந்தது. விளம்பரம் கிடையாது, மாதம் 5 டாலர் சந்தா கட்டும் உறுப்பினர்களின் பணம்தான் பிரித்துக் கொடுக்கப்படும். முதலில் வாசகர்கள் அழுத்தும் கைதட்டல் பொத்தானை வைத்துப் பிரித்தார்கள், 2019 அக்டோபரிலிருந்து உறுப்பினர்கள் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்பதை வைத்து. சரி, மாதாமாதம் சந்தா கட்டி அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அதில் கணிசமானவர்கள் தாங்களும் அங்கே எழுதிப் பார்க்கலாம் என்று வந்தவர்கள். அவர்கள் எதை நின்று நிதானமாகக் கடைசி வரி வரை படிப்பார்கள்? 'முதல் மாதத்தில் எனக்கு எவ்வளவு வந்தது' என்பதைத்தான். தேனீ வளர்ப்பைப் பற்றி எழுதினால் தேனீயில் ஆர்வம் உள்ளவர் மட்டும் படிப்பார், மீடியத்தில் சம்பாதிப்பதைப் பற்றி எழுதினால் மீடியத்தில் இருக்கிற எல்லோரும் படிப்பார்கள். யாரும் சதி செய்யவில்லை. பணம் பிரிக்கிற முறையே எழுதுகிறவரை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

2021 ஆகஸ்டில் அது இன்னும் முற்றியது. பணம் பெற 100 பேராவது பின்தொடர வேண்டும் என்று விதி வந்தது. அதே சமயம், உங்கள் இணைப்பு வழியாக ஒருவர் சந்தா கட்டினால் அதில் பாதி உங்களுக்கு என்ற பரிந்துரைத் திட்டமும் வந்தது. அப்புறம் என்ன, 'மீடியத்தில் எழுதுங்கள், வாழ்க்கை மாறும்' என்ற கட்டுரை, அதன் கடைசியில் எழுதியவரின் சந்தா இணைப்பு. படிக்கிறவர் சேர்ந்தால் எழுதினவருக்கு மாதம் இரண்டு டாலருக்கு மேல். அந்தப் பரிந்துரைத் திட்டத்தை 2023ல் நிறுத்திவிட்டார்கள். இதில் மனசை உறுத்துவது இன்னொன்று. மாதத்துக்கு 100 டாலருக்கு மேல் பெற்றவர்கள் பத்து சதவீதத்துக்கும் கீழேதான் என்று தளமே ஒரு காலத்தில் மாதாந்தர மடல்களில் எழுத்தாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆலோசனைக் கட்டுரைகளில் அந்த வரி அநேகமாக வராது.

தமிழில் இது எப்படி இருக்கிறது என்று உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பழைய பதிவர்

வலைப்பூக் காலத்து ஆள் நான். பதிவுகளைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் தளம் 2004ல் வந்தபோது தமிழில் யார் எழுதினாலும் ஒரே பக்கத்தில் வந்து விழும். அந்த முகப்பில் நிற்பதுதான் வெற்றி. அதற்கு ஓட்டு வேண்டும், பின்னூட்டம் வேண்டும். பழைய பதிவுகளை இன்றைக்கும் திறந்து பாருங்கள், கீழே 'அருமை நண்பரே, த.ம. 4', 'பகிர்வுக்கு நன்றி, த.ம. 5' என்று வரிசையாக நிற்கும். த.ம. என்றால் தமிழ்மணத்தில் ஓட்டுப் போட்டுவிட்டேன், என்னுடையது ஐந்தாவது என்று பொருள். பதிவைப் படித்தாரா என்பது வேறு விஷயம். கல்யாண வீட்டு மொய் மாதிரிதான், அவர் வந்து வைத்துவிட்டுப் போனால் நாமும் அவர் வீட்டுக்குப் போய் வைக்க வேண்டும், நோட்டில் கணக்கு இருக்கும். அந்தக் காலத்திலேயே 'பிரபல பதிவர் ஆவது எப்படி' என்று பதிவுகள் வந்தன, அவற்றுக்குத்தான் கூட்டம் கூடும், ஏனென்றால் படிக்கிறவர் அத்தனை பேரும் பதிவர்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒரு சாரார் மிகப் பெரிய உதவி செய்தார்கள். தமிழ்த் தட்டச்சு மென்பொருளான இ-கலப்பையை எப்படி நிறுவுவது, அதே மாதிரி அழகி, என்.எச்.எம். ரைட்டரில் எப்படித் தட்டச்சுவது, திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கும் கோப்பை யுனிகோடுக்கு மாற்றுவது எப்படி, வார்ப்புருவில் தேதி ஏன் கோளாறாகத் தெரிகிறது என்று படம் பிடித்துப் போட்டு, இரவு பதினோரு மணிக்குப் பின்னூட்டத்தில் சந்தேகம் கேட்டாலும் பதில் சொன்னார்கள். பத்துப் பைசா வாங்கவில்லை. எத்தனையோ ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வீட்டில் இருந்த பெண்கள் அவர்களால்தான் எழுத வந்தார்கள். அந்த ஆலோசனையையும் இதையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

தறிச்சத்தம்

நெல்லைக்காரன், உங்கள் கருத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கற்றுக்கொடுப்பதும் ஒரு தொழில்தானே. நீச்சல் பயிற்சியாளர் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியிருக்க வேண்டுமா? எனக்கு உருப்படியாகக் கிடைத்த ஆலோசனைகள் இருக்கின்றன. கைபேசியில் படிப்பவருக்காகப் பத்தியைச் சின்னதாகப் பிரி, முதல் பத்தியில் பீடிகை போடாதே, தலைப்பில் சொன்னதை உள்ளே கொடு, வாரத்தில் எந்த நாள் என்று முடிவு செய்துகொண்டு அந்த நாளில் போடு. இதெல்லாம் தப்பா? நான் விசைத்தறித் தொழிலைப் பற்றி எழுதுகிறேன், இதைச் செய்த பிறகு படிப்பவர்கள் கூடினார்கள்.

அதோடு படிக்கிறவரெல்லாம் எழுதுகிறவர் என்று குறை சொல்கிறீர்கள். தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் அப்படித்தானே? 1959ல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' சில நூறு பேருக்கு மேல் எத்தனை பேர் கையில் போயிருக்கும்? அதைப் படித்தவர்களில் பெரும்பாலானவர்கள் எழுதியவர்கள், எழுத நினைத்தவர்கள். அதனால் அது மட்டமாகிவிட்டதா?

நெல்லைக்காரன்

சிற்றிதழைக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று, அதை வைத்தே சொல்லிவிடலாம். 'எழுத்து' இதழை எழுதுகிறவர்கள் படித்தார்கள், சரி. ஆனால் அதில் அவர்கள் படித்தது புதுக்கவிதையை, விமர்சனத்தை. சந்தாதாரர் சேர்ப்பது எப்படி என்ற கட்டுரையைப் படிக்க யாரும் அதை வாங்கவில்லை. எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் படிப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் கையில் கவிதையோ கதையோ வேறு எந்தப் பொருளோ இல்லாமல், எழுதுவதால் வரும் எண்ணிக்கை மட்டுமே பேச்சாகிவிடும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

நீச்சல் பயிற்சியாளருக்குப் பதக்கம் தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரிடம் கற்றவர்கள் நீந்த வேண்டும் இல்லையா? இந்த ஆலோசகர்களிடம் கற்று வெளியே வந்தவர்களைப் பாருங்கள், அவர்களும் எழுதுவது எப்படி என்றே எழுதுகிறார்கள். நீங்கள் அப்படிப் போகவில்லை, விசைத்தறியைப் பற்றி எழுதுகிறீர்கள். உங்களிடம் சொல்வதற்கு விஷயம் இருந்தது, அதற்குப் பத்தி பிரிக்கிற யோசனை உதவியது. பத்தி பிரித்ததால்தான் வாசகர் வந்தார்கள் என்று நான் நம்பவில்லை. தறி வேலையைப் பற்றியும் நூல் விலை ஏறினால் முதலில் யார் வீட்டில் அடுப்பு அணைகிறது என்பது பற்றியும் உங்களைப் போல யார் எழுதுகிறார்கள்?

இன்னொன்று, ஆலோசனைக்குக் காலாவதித் தேதி உண்டு. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது செய்தியோடை வழியாக வந்த வாசகர்கள் சிதறிப்போனார்கள். அதற்கு முன் 2011ல் பாண்டா என்ற மாற்றத்தைத் தேடுபொறியில் கொண்டுவந்து, குறிச்சொற்களுக்காகவே எழுதிக் குவித்த தளங்களை ஒரே வாரத்தில் கீழே இறக்கினார்கள். 2008ல் தமிழ்மண முகப்பு வழியாக வளர்ந்தவர் இன்றைக்கு வந்து 'நான் தினமும் எழுதினேன், அதனால் வளர்ந்தேன்' என்றால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் நுழைந்த வாசல் இப்போது இல்லை என்பதை மட்டும் விட்டுவிடுகிறார். அதே காலத்தில் அதே மாதிரி தினமும் எழுதிவிட்டு நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர், 'நான் ஏன் வளரவில்லை' என்று அவர்கள் வகுப்பு நடத்த வருவதில்லை.

பழைய பதிவர்

ஆட்சென்ஸ் கதையையும் இங்கே பதிந்துவைக்கிறேன், இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. கூகுள் தன் ஆட்சென்ஸ் விளம்பரத்துக்குத் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். இந்திக்கு 2014 கடைசியிலேயே கொடுத்துவிட்டார்கள். ஆக, தமிழில் வலைப்பூ உச்சத்தில் இருந்த வருஷங்கள் முழுக்கத் தமிழ்ப் பக்கத்தில் முறைப்படி விளம்பரம் போட்டுச் சம்பாதிக்க வழியே இல்லை. ஆனாலும் 'வலைப்பூவில் மாதம் பல்லாயிரம்' என்று பதிவுகள் வந்துகொண்டேதான் இருந்தன. அவர்கள் சொன்ன வழி, ஆங்கிலத்தில் ஒரு டப்பா வலைப்பூ தொடங்கி அனுமதி வாங்கு, அப்புறம் அந்த நிரலைத் தமிழ்ப் பக்கத்தில் ஒட்டு. விதிப்படி அது கூடாது. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும், அதை நெருங்கும்போது கணக்கை முடக்கிவிடுவார்கள், அத்தனை நாள் உழைப்பும் போயிற்று. முடங்கினவர்கள் ஆலோசனை கேட்டு மடல் போட்டால் பதில் இருக்காது.

வடமராட்சி

எங்கட பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். இலங்கையில் இருந்து எழுதுகிறவர்களுக்கு இந்த ஆலோசனைகளில் முக்கால்வாசி முதல் படியிலேயே நின்றுவிடும். பேபால் கணக்குத் திறவுங்கள் என்று சொல்லுவினம். இங்கே பேபாலில் காசு அனுப்பலாம், ஆனால் பல வருஷமாக வெளியில் இருந்து காசு பெற முடியாமல்தான் இருந்தோம். மீடியம் பணம் தந்தது ஸ்ட்ரைப் என்ற பணப் பரிமாற்ற சேவை மூலம், அது இலங்கைக்குக் கிடையாது. மின்மடல் எழுதிச் சந்தா வாங்கும் சப்ஸ்டாக் தளத்திலும் ஸ்ட்ரைப் இல்லாமல் சந்தா வாங்க முடியாது. அது தெரியாமல் எங்கட பிள்ளைகள் ஆங்கிலக் காணொளிகளைப் பார்த்து இரவிரவாக எழுதி, பின்தொடருவோரைச் சேர்த்து, கடைசியில் நாட்டின் பெயரைத் தெரிவு செய்யும் இடத்தில் வந்து நின்றார்கள். பட்டியலில் இலங்கை இருக்கவில்லை. ஆலோசனை சொல்லுகிற ஒருவராவது 'முதலில் உங்கட நாடு பட்டியலில் இருக்கிறதா எண்டு பாருங்கோ' என்று தொடங்க வேண்டாமா? வேலையில்லாத பிள்ளைகளின் நேரம் ஐயா அது.

இரவுவாசகி

என் சித்தி மகள் விஷயத்தைச் சொல்கிறேன், உங்களில் விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். அவள் பிரதிலிபியில் தொடர்கதை எழுதுகிறாள், நன்றாகவே எழுதுவாள், அவளுடைய மாமியார் பாத்திரத்துக்காகவே காத்திருந்து படிக்கிறவர்கள் உண்டு. ஒரு ஆன்லைன் வகுப்பில் 2,999 ரூபாய் கட்டிச் சேர்ந்தாள். நாலு ஞாயிற்றுக்கிழமை ஜூம், ஒரு பிடிஎஃப், ஒரு வாட்ஸ்அப் குழு. அந்த பிடிஎஃபை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பகுதியையும் சஸ்பென்ஸில் முடி, அட்டைப்படத்தில் ஜோடி இருக்கட்டும், தலைப்பில் 'என்னுயிரே' மாதிரி ஒரு வார்த்தை வரட்டும், இரவு எட்டு மணிக்குப் போடு. கதையைப் பற்றி, பாத்திரத்தைப் பற்றி, ஒற்றுப் பிழையைப் பற்றி ஒரு வரி கிடையாது. குழுவில் தினமும் ஒருவர் இணைப்பைப் போடுவார், மற்றவர்கள் போய் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு 'முடிந்தது' என்று எழுத வேண்டும். அவள் ஒரு நாள் ஒருவருடைய கதையைப் படித்துப் பார்த்து மூன்று கொடுத்ததற்குக் குழுவில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டிருக்கிறார்கள், பாவம் அழுதாள்.

இப்போது அவர்கள் சொல்வது, தொடர் பிரதிலிபியில் இருக்கட்டும், அதையே அமேசானின் சந்தா நூலகமான கிண்டில் அன்லிமிடெடிலும் போடு, இரண்டு பக்கமும் வருமானம் என்று. இது சரியா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

சகோதரி, அதைச் செய்ய விடாதீர்கள். கிண்டில் அன்லிமிடெடில் புத்தகம் வர வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதில் சேர்த்தால் 90 நாளைக்கு அந்தப் புத்தகம் மின்வடிவில் வேறு எங்கேயும் இருக்கக் கூடாது. வலைப்பூ, பிரதிலிபி, சொந்தத் தளம், இலவசமாகக் கொடுத்தாலும் கூடாது. பத்து சதவீதம் வரை மாதிரிக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். அச்சுப் புத்தகத்துக்குத் தடை இல்லை. 90 நாள் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் அந்தக் குறியை நாமே எடுத்துவிட வேண்டும். விதியை மீறினால் புத்தகத்தை எடுத்துவிடுவார்கள், கணக்கே போகவும் போகலாம். நட்சத்திரம் மாற்றிக்கொள்கிற குழுவும் ஆபத்துதான், அமேசானில் ஒருவருக்கொருவர் விமர்சனம் எழுதிக்கொள்வது தடை செய்யப்பட்டது.

வருமானம் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். அன்லிமிடெடில் 2015 ஜூலையிலிருந்து படித்த பக்கத்துக்குத்தான் பணம். இந்திய வாசகர் படித்தால் பக்கத்துக்குச் சுமார் பத்துப் பைசா, மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறி இறங்கும். 200 பக்க நாவலை ஒருவர் கடைசி வரை படித்தால் 20 ரூபாய். 2,999 ரூபாய் கட்டணத்தைத் திரும்ப எடுக்கவே 150 பேர் முழுதாகப் படித்தாக வேண்டும். விற்பனையில் 35 அல்லது 70 சதவீதம் என்று இரண்டு கணக்கு, இந்தியக் கடையில் 70 வேண்டுமென்றால் மறுபடியும் செலக்டில் சேர வேண்டும். 49 ரூபாய் விலை வைத்து 35 சதவீதத்தில் விற்றால் கைக்கு 17 ரூபாய் சொச்சம். பணம் வர இரண்டு மாதம் ஆகும். தமிழில் இதில் நன்றாகச் சம்பாதிக்கிற குடும்ப நாவல் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் பக்கத்தைப் பாருங்கள், பத்து இருபது நாவல் வரிசையாக நிற்கும், ஒன்றைப் படித்தவர் அடுத்ததற்குப் போகிறார். அவர்களுக்கு வகுப்பு எடுக்க நேரம் இருப்பதில்லை.

தறிச்சத்தம்

அந்த 150 பேர் கணக்கை வகுப்பின் முதல் நாளிலேயே பலகையில் எழுதிப் போட்டால் நான் அந்த ஆசிரியரை மதிப்பேன். நான் ஆலோசனையே வேண்டாம் என்கிற கட்சி இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் சித்தி மகளுக்கு நடந்ததைப் படித்தபோது கோபம் வந்தது. ஒருவருடைய கதையை நேர்மையாகப் படித்து மூன்று நட்சத்திரம் கொடுத்த பெண்ணை அழவைக்கிற இடத்தில் எழுத்தைப் பற்றி யார் என்ன கற்றுக்கொள்ள முடியும்? அந்தக் கதையை எழுதியவருக்கும்தான் இது நஷ்டம். அவருக்கு உண்மையான வாசகர் ஒரே ஒருவர் கிடைத்தார், அவரையும் விரட்டிவிட்டார்கள்.

இரவுவாசகி

கணக்குப்பிள்ளை சார், ரொம்ப நன்றி. இன்னும் ஒன்று கேட்கிறேன். முடிந்துபோன பழைய தொடர் ஒன்று இருக்கிறது, அதைப் பிரதிலிபியிலிருந்து எடுத்துவிட்டால் செலக்டில் சேர்க்கலாமா?

கணக்குப்பிள்ளை

எடுத்துவிட்டுச் சேர்க்கலாம். ஆனால் அதற்கு முன் மூன்று வேலை. ஒன்று, அந்தத் தொடரைக் கட்டணப் பகுதியில் சேர்க்க அவர் ஏதாவது ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறாரா, அதில் எத்தனை காலத்துக்கு என்று இருக்கிறது என்பதை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு, கதையின் நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். வேறு யாராவது தங்கள் தளத்தில் ஒட்டியிருந்தால் வந்துவிடும். டெலிகிராமில் பிடிஎஃபாகவும் சுற்றலாம், அங்கேயும் கதைப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். திருட்டுப் பிரதி இருந்தால் நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்து, அந்த மடல்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும், ஏனென்றால் 'இது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே' என்று அமேசான் கேட்டு எழுதினால் உரிமை தன்னுடையதுதான் என்று காட்ட அது உதவும்.

மூன்றாவது, அவருடைய வாசகர்களுக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிப்போடச் சொல்லுங்கள், இந்தத் தேதியில் தொடரை எடுக்கப் போகிறேன், படிக்காதவர்கள் அதற்குள் படித்துவிடுங்கள் என்று. மாமியார் பாத்திரத்துக்காகக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள் என்றீர்களே.